கண்ணுக்குப் புலனாகா அவத்தை: அறுபதாண்டுத் தாமதம் ஒன்றின் வரலாறு

தோற்றுவாய்

விஞ்ஞானபீடத்து நண்பர் ஒருவருடன் ஒருநாள் விலங்கியல் ஆய்வுகூடத்துக்குச் சென்றிருந்தேன். அவர் தம் கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியொன்றினால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தட்டிலிருந்த நீர்த்துளியில் அதனைக் கலந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, "பாரும்" என்றார். பார்த்தேன். வெறும் வெளிச்சமன்றி வேறெதுவும் தெரியவில்லை. பின்னர் மெதிலீன் நீலம் ஒரு துளி விட்டார். சிறிது நேரத்தில் நீல நிறக் கலங்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. அவற்றின் நடுவே பொட்டு வைத்தாற்போலக் கருவும் தோன்றியது. "இவை முன்னரும் அங்கேதான் இருந்தனவா?" என்று கேட்டேன். "இருந்தன. சாயம் ஊட்டினாற்றான் தெரியும்" என்றார்.

கலைப்பீட மாணவன் ஒருவன் கேட்கும் பேதைமை வினாவாக இது அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆயினும், இருப்பது ஏன் தெரியவில்லை என்னும் இவ்வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டென்பதைப் பின்னர் நூலகத்திலே கண்டுகொண்டேன். ஒளியின் தலையீட்டினைக் கொண்டு, சாயம் ஊட்டாது, உயிருள்ள கலத்தைக் காணவும் அளக்கவும் மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே அது. அதனைச் சுருக்கமாகக் கூறுவதும், அவ்வறிவு ஏறத்தாழ அறுபதாண்டு பிந்தி வந்தமைக்குக் காரணம் யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாயத்தின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியை நுணுக்குக்காட்டியின் வரலாற்றிலே சாயத்தின் காலம் எனலாம். 1856ஆம் ஆண்டில் வில்லியம் பேர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததன் பின்னர், சாயத்தொழில் ஐரோப்பாவெங்கும், சிறப்பாக ஜேர்மனியில், பெருகிற்று. துணிக்கு நிறமூட்டிய சாயங்கள் விரைவிலே உயிரியலாளரின் மேசையையும் அடைந்தன. 1882இல் வால்தர் பிளெமிங் கலப்பிரிவு பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதே ஆண்டில் றொபேட் கொக் கசநோயின் பற்றீரியாவை உலகுக்குக் காட்டினார். இவ்விரு வெற்றிகளிலும் சாயத்தின் பங்கு பெரிது. 1888இல் வால்டையர் என்னும் உடற்கூற்றறிஞர், பிரியுங் கலத்தில் மிகுதியாகச் சாயமேற்கும் இழைகளுக்கு ஒரு பெயர் சூட்டினார். அதனையே நாம் 'நிறமூர்த்தம்' எனத் தமிழில் வழங்குகின்றோம். பாரம்பரியத்தைச் சுமந்து செல்லும் பொருளுக்கு அதன் தொழிலாற் பெயர் அமையவில்லை. மனிதன் அதற்கு ஏற்றிய நிறத்தாலேயே பெயர் அமைந்தது. அக்காலத்து அறிவு எதனைச் சார்ந்து நின்றதென்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

சாயத்தினாற் கிடைத்த பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. சாயம் நன்கு ஏறவேண்டுமாயின், பெரும்பாலும் கலத்தை முதலில் மதுசாரத்திலோ அமிலத்திலோ இட்டு நிலைப்படுத்தல் வேண்டும். அஃதாவது கொல்லல் வேண்டும். எனவே உயிரின் இயக்கத்தை அறிய விழைந்தோர் உயிரற்ற உடல்களை வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்திருக்கவேண்டியதை ஊகித்துக்கொண்டனர். பிளெமிங் போன்றோர் உயிருள்ள கலங்களையும் நோக்கினர் என்பது உண்மையே. ஆனால் அங்கே தெரிந்தவை மங்கலான நிழல்கள் மாத்திரமே.

அவத்தை என்பது யாது?

உயிருள்ள கலம் ஏன் தெரிவதில்லை? அதன் பெரும்பகுதி நீராகும். அது ஒளியை உறிஞ்சுவதில்லை, நிறத்தை மாற்றுவதுமில்லை. கண் அறிவன இரண்டே: ஒளியின் செறிவும் நிறமும். இரண்டும் மாறாதவிடத்துக் கண்ணுக்குக் கலமும் நீரும் ஒன்றே.

ஆயினும் கலத்தினூடு வந்த ஒளி மாற்றமின்றி வருவதில்லை. நீரின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.33 ஆகும். கலத்தின் முறிவுச் சுட்டி அதனிலும் சற்றுக் கூடியது. ஆதலின் கலத்தினூடு செல்லும் ஒளியலை அருகே நீரினூடு செல்லும் அலையிலும் சிறிது பிந்துகின்றது. கலத்தின் தடிப்பு 5 மைக்கிரோன் எனவும், சுட்டிகளின் வேறுபாடு 0.03 எனவும் கொள்வோமாயின், அலை பிந்தும் தூரம் 0.15 மைக்கிரோன் ஆகும். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.55 மைக்கிரோன். எனவே பிந்துதல் கால் அலையினும் சற்றே கூடியது.

இப்பிந்துதலையே அவத்தை வேறுபாடு என்பர். நமது சமய மரபில் நனவு, கனவு, உறக்கம் என ஆன்மாவின் நிலைகளைக் குறிக்கும் சொல்லே இங்கு அலையின் நிலையைக் குறிக்க எடுத்தாளப்பட்டுள்ளது. ஊர்ப்புறத்திலே ஓர் உரலில் இரு பெண்கள் மாறிமாறி உலக்கை போடுவதை நினைவுகூர்க. இருவர் உலக்கையும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்துக்கு எழுகின்றன. ஆனால் ஒன்று மேலே நிற்கையில் மற்றையது கீழே நிற்கின்றது. வேகத்திலும் உயரத்திலும் வேறுபாடில்லை, அவத்தையிலேதான் வேறுபாடு. ஒளியலையோ வினாடிக்கு ஏறத்தாழ 500 இலட்சம் கோடி முறை அதிர்வது. அதன் ஒவ்வோர் எழுச்சியையும் தொடரக் கண்ணாலும் இயலாது. ஒளிப்படத் தட்டினாலும் இயலாது. உலக்கையின் ஓசை மிகுதியை மட்டும் கேட்டு, எவர் முந்தினார் எவர் பிந்தினார் என்பதை அறியாதவன் நிலையே கண்ணின் நிலை.

இக்குறையை நீக்கும் வழி ஒன்றுண்டு. இரு அலைகளை ஒன்றன்மேல் ஒன்று சேரவிட்டால், ஒத்த அவத்தையின ஒன்றையொன்று வலுப்படுத்தும். எதிரவத்தையின ஒன்றையொன்று அழிக்கும். மழை ஓய்ந்த தெருவிற் சிந்திய எண்ணெயிலே நிறங்கள் தோன்றுவது இதனாலேயே. இத்தலையீட்டுக் கொள்கையை 1801ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தவர் தோமஸ் யங் என்னும் மருத்துவர். எகிப்தின் றொசெற்றாக் கல்வெட்டைப் படிக்க முயன்ற அறிஞர் என நம்மவர்க்கு இவர் வேறொரு வகையில் அறிமுகமானவர். எடின்பரோ விமர்சன ஏடொன்றில் ஹென்றி புறூம் 1803இல் இவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிரான்சிலே பிறெனெல் 1818ஆம் ஆண்டளவிற் கணித அடிப்படையில் அலைக் கொள்கையை நிறுவும்வரை யங்கின் கருத்துக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை. நாம் ஆராயப்போகும் தாமதம் இவ்வறிவின் வரலாற்றில் முதலாவதன்று என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

யேனாவும் குறோனிங்கனும்

ஜேர்மனியின் யேனா நகரிலே கார்ள் சைஸ் என்பவரின் நுணுக்குக்காட்டிப் பட்டறையில் 1866ஆம் ஆண்டில் இணைந்தார் பௌதிக அறிஞர் எர்ன்ஸ்ற் அபே. அதுவரை வில்லைகள் கைப்பழக்கத்தாலும் மீளமீளச் சோதிப்பதாலுமே திருத்தப்பட்டு வந்தன. அபே அத்தொழிலுக்குக் கொள்கையை அளித்தார். 1873இல் அவர் வெளியிட்ட கருத்து இது: பொருளில் உள்ள நுண்ணிய அமைப்பு ஒளியின் ஒரு பகுதியைப் பக்கங்களுக்குச் சிதறச் செய்கின்றது, இதனைக் கோணல் என்பர். நேரே வரும் ஒளியும் கோணலுற்ற ஒளியும் வில்லையினாற் சேர்க்கப்பட்டுத் தம்முள் தலையிடுவதாலேயே விம்பம் உருவாகின்றது. இதன்படி, நுணுக்குக்காட்டியிற் காணும் ஒவ்வொரு விம்பமும் ஒரு தலையீட்டுக் கோலமாகும்.

இக்கருத்திலேயே அவத்தையைக் காணும் வழியும் அடங்கியிருந்தது எனலாம். நேரொளியையும் கோணலொளியையும் வேறுபிரித்து அறிந்த ஒருவர், அவற்றுள் ஒன்றனை வேண்டியவாறு மாற்றிப் பார்க்க ஓர் அடியே எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அவ்வடி யேனாவில் எடுத்துவைக்கப்படவில்லை. அதனை எடுத்துவைத்தவர் நுணுக்குக்காட்டியோடு தொழில்முறைத் தொடர்பற்ற ஒருவர். நிறமூர்த்தத்துக்குப் பெயர் சூட்டப்பட்ட அதே 1888ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரடாம் நகரிற் பிறந்த பிறிற்ஸ் சேர்னிக்கே.

சேர்னிக்கே 1913இல் குறோனிங்கன் நகரில் வானியலறிஞர் கப்ரெயினின் உதவியாளராய் அமர்ந்து, பின்னர் அங்குள்ள பல்கலைக்கழகத்திலே கணிதப் பௌதிகப் பேராசிரியரானவர். 1930ஆம் ஆண்டளவில் அவர் ஆராய்ந்தது உயிர்க்கலத்தையன்று. கோணல் நெய்யரியையே ஆராய்ந்தார். உலோகப் பரப்பில் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளை நெருக்கமாகக் கீறி, ஒளியை நிறங்களாகப் பிரிக்கப் பயன்படுத்தும் கருவி அது. கோடு கீறும் பொறியில் சிறு வழு நேரின், உண்மையான நிறமாலைக் கோட்டின் இருமருங்கிலும் 'பேய்க்கோடுகள்' தோன்றும். இவ்வழுவை ஆராய்ந்த சேர்னிக்கே நெய்யரியின் பரப்பிற் பட்டைகள் தெரிவதைக் கண்டார். அவற்றை நன்கு பார்க்கவெனச் சிறு தொலைகாட்டியைத் திருப்பினார். தொலைகாட்டி பரப்பின்மீது செவ்வையாகக் குவிந்ததும் பட்டைகள் மறைந்துபோயின!

தெளிவாகப் பார்க்க முற்படுகையில் மறையும் பொருளைக் கண்டு வேறொருவர் சலித்திருக்கக்கூடும். சேர்னிக்கே காரணத்தை அறிந்துகொண்டார். பேய்க்கோட்டின் ஒளி உண்மைக் கோட்டின் ஒளியிலிருந்து கால் அலை அவத்தையால் வேறுபட்டிருந்தது. ஒளியின் செறிவில் மாற்றம் இல்லாமையாற் கண் எதையும் காணவில்லை. நுண்ணிய பள்ளம் பொறித்த கண்ணாடித் தட்டொன்றை இடையில் வைத்து, நேரொளியை மேலும் கால் அலை பெயர்த்தால், வேறுபாடு அரை அலையாகும். அன்றேல் முற்றாக நீங்கும். அப்போது அவத்தை வேறுபாடு இருளாகவோ ஒளியாகவோ கண்முன் நிற்கும். தட்டை வைத்தார், பட்டைகள் தெளிவாகத் தோன்றின. ஒளிபுகு பொருளை நுணுக்குக்காட்டியிற் காண்பதிலும் இடர்ப்பாடு இதுவே என்பதை உணர்ந்து, அம்முறையை அங்கும் கையாண்டார். இதுவே அவத்தை மாறுபாட்டு நுணுக்குக்காட்டியின் பிறப்பு.

1932ஆம் ஆண்டில் தம் முறையை எடுத்துக்கொண்டு அவர் யேனாவிலுள்ள சைஸ் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே ஊக்கம் கிடைக்கவில்லை. இம்முறையால் உண்மையிற் பயனிருப்பின் தாமே அதனை எப்பொழுதோ கண்டுபிடித்திருப்பர் என்னும் கருத்துப்பட ஒருவர் கூறினாராம். இருபதாண்டுகளுக்குப் பின்னர் நோபல் பரிசுச் சொற்பொழிவிலே சேர்னிக்கே இதனை நினைவுகூர்ந்தார்.

தாமதத்தின் காரணங்கள்

அபேயின் கொள்கை 1873இல் வெளிவந்தது. சேர்னிக்கேயின் கட்டுரை 1934இல் வெளிவந்தது. இடையில் அறுபத்தோர் ஆண்டுகள். கொள்கை இருந்தது, கண்ணாடி இருந்தது, திறன்மிக்க கைவினைஞர் இருந்தனர். இல்லாதது யாது?

முதற் காரணம் சாயத்தின் வெற்றியே எனலாம். சாயம் காட்டியவற்றின் பெருமை காரணமாக, அது காட்டாதவற்றைப் பற்றிய வினா எழவில்லை. கண்ணாற் காணமுடியாதிருத்தல் ஒளியியலின் குறைபாடாகக் கருதப்படவில்லை. பொருளின் இயல்பாகவே கருதப்பட்டது. இயல்பென்று கருதப்பட்டதற்கு எவரும் பரிகாரம் தேடுவதில்லை.

இரண்டாவது காரணம் அபேயின் வெற்றி. எவ்வளவு நுண்ணிய பொருளைப் பிரித்துக் காணலாம் என்பதே அவருடைய தலையாய வினா. அதற்கு அவர் விடை கண்டமையால், அவர் வழிவந்தோர் அவ்வினாவையே மேலும் மேலும் திருத்தமாகக் கேட்டனர். நுண்மையை நோக்கிய கண்கள் மாறுபாட்டை நோக்கவில்லை.

மூன்றாவது காரணம் துறைகளின் வேலி. பேய்க்கோட்டை அறிந்தோர் நிறமாலையாளர். கலத்தின் இடர்ப்பாட்டை அறிந்தோர் உயிரியலாளர். இரு சாராரும் ஒரே மேசையில் அமரவில்லை. இரு அறைகளுக்கும் இடையே கதவைத் திறக்க, இரண்டிலும் குடியிராத ஒருவர் வேண்டியிருந்தார்.

எனினும் இவ்வரலாற்றை அறிவிலா நிறுவனத்துக்கும் அறிவாளி ஒருவருக்கும் இடையிலான போராகச் சித்திரிப்பது பொருத்தமன்று. அதே யேனாவிலேதான், நுணுக்குக்காட்டிக்கு ஒளியூட்டும் முறையை 1893இல் வகுத்த ஓகஸ்ற் கேலர், லூஸ் என்பவருடன் சேர்ந்து, 1941இல் இம்முறையையும் அதன் பயன்களையும் விளக்கிக் கட்டுரை எழுதினார். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. சேர்னிக்கேயின் நாடு ஜேர்மனியின் பிடியிலிருந்தது. போருக்கு உதவக்கூடிய கண்டுபிடிப்புக்களை ஜேர்மன் படையினர் கணக்கெடுத்தபோதே இக்கருவிகள் முதன்முதல் செய்யப்பட்டன என நோபல் நிறுவனத்தின் வாழ்க்கைக் குறிப்புக் கூறுகின்றது. அறிவைத் தேடியவர்க்குத் திறவாத கதவு அழிவைத் தேடியவர்க்குத் திறந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

ஆனால் அக்காலத்திலே அக்கருவியினூடு எடுக்கப்பட்ட படங்களுள் நிலைபெற்றது வேறொன்று. 1943இல் கேட் மிக்கேல் வெட்டுக்கிளியொன்றின் விந்தாக்கக் கலங்களிலே ஒடுக்கற்பிரிவு நிகழ்வதைத் திரைப்படமாக்கி வெளியிட்டார். நிறமூர்த்தங்கள் நிறமின்றியே, உயிரோடு, ஒன்றையொன்று பிரிந்து செல்வது அதிற் காணக்கிடைத்தது. பிளெமிங்கின் காலத்தவர் பெரிதும் உயிரற்ற கலங்களிலிருந்து ஊகித்த இயக்கத்தை உயிருள்ள கலமே நடித்துக் காட்டிற்று. சேர்னிக்கேக்கு 1953ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காண்டலும் அளத்தலும்

காண்டல் வேறு, அளத்தல் வேறு. சேர்னிக்கேயின் முறை அவத்தையைக் காட்டிற்றேயன்றி, அதனை நேரடியாக அளக்கவில்லை. பொருளைச் சுற்றி ஒளிவட்டம் ஒன்று படர்வதாலும், தடித்த பொருள்களிலே ஒளியின் செறிவு அவத்தைக்கு ஒத்தவாறு அமையாமையாலும், அதன் படத்தைக் கொண்டு கணக்கிடுதல் கடினம்.

அளப்பதற்கு வேறொரு வழியே வேண்டும். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றனைக் கலத்தினூடும் மற்றையதைக் கலத்தின் அருகே வெறும் நீரினூடும் செலுத்தி, மீளச் சேர்த்தால், இருளும் ஒளியுமான பட்டைகள் தோன்றும். கலம் இருக்குமிடத்துப் பட்டைகள் பக்கவாட்டிற் பெயரும். அப்பெயர்ச்சியை அளந்தால் அவத்தை கிடைக்கும். பாரிசில் ஜூல்ஸ் ஜமேன் 1856இலேயே தடித்த இரு கண்ணாடித் தட்டுக்களைக் கொண்டு இவ்வாறு ஒளியைப் பிரித்துச் சேர்த்தார். லெனின்கிராட்டில் லின்னிக் 1933இல் உலோகப் பரப்புக்களை ஆராயத் தலையீட்டு நுணுக்குக்காட்டியொன்றை அமைத்தார். இங்கிலாந்தில் டைசன் ஆக்கிய கருவி 1950ஆம் ஆண்டளவிற் பயன்பாட்டுக்கு வந்தது.

இவற்றின் முழுப்பயன் 1952இல் வெளிப்பட்டது. ஒக்ஸ்போட்டில் றொபேட் பாறரும், இலண்டனில் டேவிஸ், மொறிஸ் வில்கின்ஸ் ஆகியோரும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். நீரின் 100 மில்லிலீற்றரில் ஒரு கிராம் புரதம் கரைந்திருப்பின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 0.0018 கூடும், கலத்திலுள்ள ஏனைய முக்கிய பதார்த்தங்களுக்கும் இவ்வெண் பெரிதும் மாறுவதில்லை. அங்ஙனமாயின் ஒளியலையின் பிந்துதல் கலத்திலுள்ள உலர்ந்த பொருளின் நிறைக்கு நேரளவையாகின்றது. முன்னர் எடுத்துக்கொண்ட 5 மைக்கிரோன் தடிப்பான கலத்தின் பரப்பு 100 சதுர மைக்கிரோன் எனக் கொள்வோம். பிந்துதல் 0.15 மைக்கிரோன் ஆயின், நீர் நீங்கலாக அதன் நிறை, ஒரு கிராமை இலட்சம் கோடி கூறாக்கிப் பெற்ற கூறுகளில் ஏறத்தாழ 83 ஆகும். எத்தராசிலும் ஏற்றாது, தொடாது, கொல்லாது, ஒளியைக் கொண்டே உயிருள்ள கலத்தை நிறுத்தல் இங்ஙனம் கைகூடிற்று. அளவு பெருகுவதைக் கொண்டு அதன் வளர்ச்சியையும் தொடர்ந்து கணிக்கலாம்.

இரு முறைகளும் ஒன்றற்கொன்று துணைநின்ற நிகழ்ச்சியொன்று 1954ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. தசை சுருங்கும்போது அதன் நுண்ணிழைகளே மடிந்து குறுகுகின்றன என்று பலர் கருதியிருந்தனர். அன்றூ ஹக்ஸ்லி தவளையின் உயிருள்ள தசைநாரை ஆராய விரும்பினார். தடித்த நாரில் அவத்தை மாறுபாட்டு முறை மயக்கம் தருமென அறிந்து, தலையீட்டு நுணுக்குக்காட்டியொன்றைத் தாமே அமைத்து, நீடர்கேர்க் என்பவருடன் ஆராய்ந்தார். அவருக்கு உறவினரல்லாத ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹன்சனுடன் சேர்ந்து, முயலின் தசையிலிருந்து பிரித்த மெல்லிழைகளை அவத்தை மாறுபாட்டு முறையால் ஆராய்ந்தார். தசை சுருங்குகையில் ஒருவகைப் பட்டையின் நீளம் மாறாதிருப்பதையும், இடைப்பட்ட மற்றைப் பட்டையே குறுகுவதையும் இருசாராரும் கண்டனர். இழைகள் குறுகவில்லை, ஒன்றினிடையே ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்னும் முடிபு இதிலிருந்து பிறந்தது. இன்றும் பாடநூல்களில் இடம்பெறுவது அம்முடிபே.

அதன் பின்னர்ப் பாரிசிலே நொமாஸ்கி 1950களில் வகுத்த முறை கலத்தைப் புடைப்புருவம் போலக் காட்டிற்று. டெனிஸ் காபர் 1948இல் வெளியிட்ட முழுப்பதிவு முறை அவத்தையையும் தலையீட்டாற் படத்தட்டிற் பொறிக்கலாம் எனக் காட்டிற்று; 1960இல் லேசர் ஒளி தோன்றிய பின் அது வலுப்பெற்றது. இலத்திரனியல் ஒளிப்படக்கருவியும் கணினியும் வந்தபின், முன்னர்ப் பட்டைகளை அளந்து பெற்ற எண்ணைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பெறுவது எளிதாயிற்று. கருவிகள் மாறினும் அடிப்படை மாறவில்லை: இரு அலைகள் சேரின், ஒன்று மற்றையதன் மறைந்த நிலையைக் காட்டிக்கொடுக்கும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து கலைப்பீட மாணவன் பெறத்தக்கது யாது? ஒன்றின் அடையாளம் நம் கருவிக்குப் புலனாகாமை, அப்பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. வரலாற்றாசிரியனின் கருவி ஆவணம். ஆவணத்திற் செறிவாகப் பதிந்தவை மன்னரும் போரும் வரியுமே. எழுத்தறியாத உழவனும், உரலில் உலக்கை போட்ட பெண்ணும் ஆவணத்தினூடு சுவடின்றிச் சென்றுவிடுகின்றனர். அவர்கள் இல்லாதவரல்லர், சாயம் ஏறாதவர். அவர்களைக் காண ஓர் ஆவணத்தை மாத்திரம் உற்றுநோக்குதல் போதாது. இரு சான்றுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அவை எங்கே ஒத்தும் எங்கே பிந்தியும் நிற்கின்றன என நோக்கல் வேண்டும்.

பயனுள்ளதாயின் நாமே முன்னர்க் கண்டிருப்போம் என்னும் எண்ணமோ யேனாவுக்கு மாத்திரம் உரியதன்று. தத்தம் துறையில் வல்லோர் கூடிய எந்த மண்டபத்திலும் அது ஒலிக்கக்கூடும். நம் பல்கலைக்கழகத்திலும் ஒலிக்கக்கூடும். அதனைச் சொல்லும் நாவு நமதாகாதிருக்கட்டும். அன்று ஆய்வுகூடத்திலே வெறும் வெளிச்சமாகத் தெரிந்த அந்த நீர்த்துளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கின்றேன். அங்கே கலங்கள் இருந்தன. என் கண்தான் அவற்றுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை.